தம்பி வாங்கிக் கொடுத்த மனை

ஜூன் 4, ஞாயிறு

மாடித் தொட்டியைக் கழுவினோம். இவர் உள்ளே இறங்கித் தேய்க்க, நான் மேலே நின்று சேற்றுத் தண்ணீரை வாளியில் வாங்கி ஊற்றினேன். மாடியில் நின்றதால்தான் அந்த மனிதரை நான் முதலில் பார்த்தேன். அறுபத்தைந்து வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. எங்கள் காம்பவுண்டு சுவரை ஒட்டி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். திரும்பி நடந்தார். அப்புறம் தெருவோரத்து மனைக்கல்லைக் குனிந்து பார்த்தார்.

கீழே இறங்கிப் போய், "யாரைப் பாக்கணும்?" என்றேன்.

"இது நாப்பத்தொன்னாம் நம்பர் மனைதானேம்மா?"

"ஆமாங்க."

"வீடு கட்டிட்டீங்க."

"ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இந்த இடம் என்னோடதும்மா" என்றார். சண்டை போடுகிற குரல் இல்லை. பஸ்ஸில் தன் ஸீட்டில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தால் சொல்வோமே, அப்படி.

இவர் நனைந்த லுங்கியோடு இறங்கி வந்து சத்தம் போட்டார். "பத்திரம், பட்டா, பேங்க் லோன் எல்லாம் பக்காவா இருக்கு. போலீஸக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க தம்பி. நானும் அங்கதான் போகணும்னு இருக்கேன்" என்றார் அவர். பெயர் பரமானந்தம். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூற்றெட்டில் இந்த மனையை வாங்கினாராம். அப்புறம் புனேயில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை. இப்போதுதான் மனைவியோடு திருச்சிக்கே வந்துவிட்டாராம், வீடு கட்டலாம் என்று. ஒரு துண்டுச் சீட்டில் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

உடனே குணாளனைக் கூப்பிட்டேன். என் தம்பி. மனை வியாபாரம் பண்ணுகிறான். இந்த இடத்தை எங்களுக்கு வாங்கிக் கொடுத்ததே அவன்தான்.

"அக்கா, இந்த மாதிரி நெறைய பேர் சுத்துறானுங்க. மெரட்டிப் பாத்துட்டுப் போயிருவானுங்க. நீ தொட்டியக் கழுவு" என்று சிரித்தான்.

நான் தொட்டி கழுவியதை அவனிடம் சொல்லியிருக்கிறேன் போல.

ஜூன் 5, திங்கள்

ஸ்கேன் சென்டரில் நல்ல கூட்டம். நெஞ்சு எக்ஸ்ரேதான் அதிகம். "மூச்ச இழுங்க, அடக்குங்க, விடுங்க" என்று காலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.

தொண்ணூற்றெட்டில் பரமானந்தம் வாங்கியது இருக்கிறது. 2019-இல் அதே பரமானந்தம், ரவீந்திரன் என்பவருக்குப் பவர் எழுதிக் கொடுத்ததும் இருக்கிறது. அந்த ரவீந்திரன்தான் எங்களுக்குக் கிரயம் செய்து கொடுத்தவர். ஆக, இந்த ஆளே பவர் எழுதிக் கொடுத்துவிட்டு, இப்போது விலை ஏறியதும் வந்து நிற்கிறார். ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

ஜூன் 11, ஞாயிறு

பரமானந்தம் திரும்ப வந்தார். இந்த முறை பத்திரத்தோடு. ஜெராக்ஸ் இல்லை, மூலப்பத்திரமே. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதைத் துணிப்பையில் வைத்து, அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

எங்களிடம் இருப்பது, மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது என்று போலீஸ் கொடுத்த சான்றிதழ். பேங்க் வக்கீல் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓகே சொன்னார்.

இவர் பத்திரத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "நீங்க பவர் எழுதிக் குடுத்ததா இருக்கேங்க" என்று நான்தான் கேட்டேன்.

"நான் யாருக்கும் எதுவும் எழுதிக் குடுக்கலம்மா. 2019-ல நான் திருச்சிப் பக்கமே வரல. பவர் பத்திர நகல் எடுத்துப் பாருங்க. அதுல போட்டோ இருக்கும்ல."

போகும்போது இவரைப் பார்த்து, "நான் உங்களத் தப்பா நெனைக்கல தம்பி" என்றார். அவர் போன பிறகு இவர் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டு இருட்டிய பிறகு வந்தார்.

ஜூன் 20, செவ்வாய்

நகல் வந்துவிட்டது. இரண்டு பேரும் பாதி நாள் லீவு போட்டுப் போய் வாங்கினோம். சார்பதிவாளர் ஆபீஸ் எதிரில் ஜூஸ் கடையில் நின்று பிரித்தோம்.

பெயர் பரமானந்தம். அப்பா பெயர் சரி. போட்டோவில் இருப்பது வேறு யாரோ. ஒல்லியான ஆள், ஒட்டிய கன்னம், மீசைக்கு மை. சட்டை இரவல் என்று பார்த்தாலே தெரிகிறது, தோள்பட்டை இறங்கித் தொங்குகிறது.

சாட்சிகள் இரண்டு பேர். பெயர்களை இங்கே எழுதவில்லை.

இவர் அந்தக் கடைசிப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மடித்து என் கையில் கொடுத்தார். ஜூஸை அப்படியே வைத்துவிட்டார். நான்தான் இரண்டையும் குடித்தேன்.

வரும் வழியில் புளியும் துவரம்பருப்பும் வாங்கினேன்.

ஜூன் 21, புதன்

சாட்சிக் கையெழுத்து என்றால் பெரிய விஷயமே இல்லை. பதிவு ஆபீஸ் வாசலில் நிற்பவர்களைக் கூப்பிட்டு, "அண்ணே ஒரு கையெழுத்து" என்பார்கள், போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இதைக் குணாளனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். கையெழுத்துப் போடுகிறவனுக்கு உள்ளே இருப்பது யாரென்று எப்படித் தெரியும்?

இதை இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ம்" என்றார்.

குணாளன் போன் ஸ்விட்ச் ஆஃப். கோயம்புத்தூர் போயிருப்பான். அங்கே அவனுக்கு அடிக்கடி வேலை இருக்கும்.

ஜூன் 25, ஞாயிறு

குணாளன் வந்தான். இளைத்திருந்தான். ஆட்டுக்கறி வாங்கி வந்து, "அக்கா, உன் கையால சாப்பிட்டு நாளாச்சு" என்றான். சமைத்தேன். இவர் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார், சாப்பிட வரவில்லை.

நகலை அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். கை கழுவாமலே பார்த்தான்.

"அந்த எடம் முள்ளு மண்டிக் கெடந்துச்சுக்கா. வருஷக்கணக்கா யாரும் வந்து பாக்கல. ஓனர் வடக்கப் போய்ச் செத்துட்டாருன்னு ரவீந்திரன் சொன்னான். கேக்க ஆள் இல்லன்னான்."

"செத்துட்டாருன்னா, கையெழுத்துப் போட வந்தது யாருடா?"

அவன் எலும்பை எடுத்து ஓரமாக வைத்தான். "நான் சாட்சி மட்டும்தான் போட்டேன்."

ஹாலில் இருந்து இவர் குரல் வந்தது. "ஊர்ல எத்தன பேர் இருக்கான். அதக் கொண்டாந்து எங்க தலையில ஏன் கட்டுன?"

குணாளன் அழுதான். "மாமா, நீங்க வாடகை வீட்ல பட்ட பாடு எனக்குத் தெரியும். அக்காவுக்குன்னு ஒரு எடம் அமையட்டும்னுதான் வேற பார்ட்டிக்குப் போகவிருந்ததத் தடுத்து உங்களுக்கு முடிச்சேன். சத்தியமா நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன்."

அவன் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மீதிக் கறியை டப்பாவில் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தனுப்பினேன். அம்மா அவனோடுதான் இருக்கிறாள்.

ஜூலை 9, ஞாயிறு

வெள்ளிக்கிழமை வக்கீலைப் பார்த்தோம். பெயர் ஜெரால்டு. இளைஞர், பொறுமையாகச் சொன்னார். ஆள்மாறாட்டம் செய்து எழுதிய பவர் செல்லாது. செல்லாத பவரில் எழுதிய கிரயமும் செல்லாது. நாங்கள் தெரியாமல் வாங்கினோம் என்பது எங்களை ஜெயிலிலிருந்து காப்பாற்றலாம், இடத்தைக் காப்பாற்றாது.

"அப்ப வீடு?"

"வீடு நீங்க கட்டுனது. ஆனா எடம் அவரோடது. அத எப்படிப் பிரிக்கிறதுன்னு கோர்ட்டுதான் சொல்லணும். வருஷம் ஆகும் மேடம்."

பேங்குக்கும் போனோம். மேனேஜர், "எங்க லீகல் ஒப்பீனியன் அன்னைக்குத் தேதியில கிளியர்" என்றார். தவணையைப் பற்றிக் கேட்டோம். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்களே" என்றார்.

பரமானந்தம் ஐயா, போலீஸில் நில அபகரிப்புப் பிரிவில் புகார் கொடுத்துவிட்டார். கொடுக்கும் முன் எனக்குப் போன் செய்து, "சொல்லாமச் செய்யக்கூடாதுன்னு தோணுச்சும்மா" என்றார்.

ஜூலை 22, சனி

ரவீந்திரன் தலைமறைவு. அவன் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் கடை.

ஜூலை 30, ஞாயிறு

இவர் ஒரு மாதமாக ஹாலில் படுக்கிறார். ஃபேன் காற்று அங்கேதான் நன்றாக வருகிறது என்கிறார்.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. காவிரிக்குப் போகலாம் என்று லீவு எடுத்தேன், போகவில்லை. பத்து மணி வாக்கில் பரமானந்தம் ஐயா வந்தார், மனைவியோடு. பெயர் அமிர்தவல்லி. முட்டி இரண்டும் போய்விட்டது அந்த அம்மாவுக்கு. கேட்டிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை நின்றார்.

"கோயிலுக்கு வந்தோம். இவ ஒருதடவ பாத்துட்டுப் போகணும்னா. தப்பா எடுத்துக்காதம்மா" என்றார் அவர்.

உள்ளே கூப்பிட்டேன்.

அந்த அம்மா ஒவ்வொரு அறையாகப் போனார். எதையும் தொடவில்லை. சமையலறையில் ஜன்னல் பக்கம் நின்று, "நானா இருந்தா அடுப்ப இந்தப் பக்கம் வச்சிருப்பேன். காத்து மேக்கால இருந்துல்ல வருது" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஒங்க இஷ்டம்தான், சும்மா சொன்னேன்" என்றார். அவர் சொன்னது சரிதான். சாயங்காலம் காற்று வந்தால் அடுப்பு அணைந்துவிடும்.

உள்ளே இருக்கும் சின்ன அறையின் கதவைத் திறந்தார். இளம்பச்சைப் பெயின்ட், சுவரில் யானைப் பொம்மை வரிசை, வேறு எதுவும் இல்லை. "இது யாரோட ரூமு?" என்று கேட்டார்.

"சும்மாதான் கெடக்கும்மா."

என் முகத்தைப் பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்தினார்.

தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் செய்திருந்தேன். சாப்பிட்டார்கள். ஐயா சொன்னார்: "நான் ஒங்கள வெளிய போகச் சொல்லலம்மா. அந்தப் பாவம் எனக்கு வேணாம். ஆனா எனக்கும் இத விட்டா வேற கெடையாது. இப்ப மாடி வீட்ல வாடகைக்கு இருக்கோம். இவளால படி ஏற முடியல. ஏறினா எறங்க முடியல. எனக்கு ஒரு வழி சொல்லுங்க, நான் கேட்டுக்குறேன்."

மோர் ஊற்றினேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

போட்டோவில் இருந்த ஆள் யாரென்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஏதோ லாரி ஷெட்டில் பெருக்கிக்கொண்டிருந்தவராம். போன வருஷமே இறந்துவிட்டார். உண்மையான பெயர் என்னவென்று ஷெட்டில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

எஃப்.ஐ.ஆரில் இவர் பெயரும் இருக்கிறது. வாங்கியவர் என்ற முறையில். குறைந்த விலைக்கு வாங்கியிருப்பதால், தெரிந்தேதான் வாங்கியிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

குணாளனை விசாரித்திருக்கிறார்கள். "அது என் கையெழுத்தே இல்ல, எவனோ என் பேருல போட்டுட்டான்" என்று சொல்லிவிட்டானாம். அதனால் என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். கூடப் பிறந்தவள், கையெழுத்து தெரிந்திருக்கும் என்று.

செப்டம்பர் 2, சனி

அம்மா போன் செய்தாள். முதலில் பிரஷர் மாத்திரை மாற்றியதைச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயம் ஆனதைச் சொன்னாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள்.

"தமயந்தி, அவன உள்ள தள்ளிட்டா நான் எங்கடி போவேன்? ரெண்டு பிள்ளைங்கள வச்சிருக்கான். ஒனக்கு... ஒனக்கு என்ன இருக்கு, நீயும் மாப்பிள்ளையும்தானே. எப்படியும் சமாளிச்சுக்குவீங்க."

வைத்துவிட்டேன். அவள் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டாள்.

செப்டம்பர் 5, செவ்வாய்

போனேன். வந்தேன்.

செப்டம்பர் 6, புதன்

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். மரியாதையாகத்தான் நடத்தினார். டீ வரவழைத்தார். பவர் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தை என் முன் வைத்து, "இது உங்க தம்பி கையெழுத்துதானேம்மா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. அவசரமில்ல" என்றார்.

பார்த்தேன்.

"அந்த மாதிரிதான் இருக்கு. ஆனா உறுதியாச் சொல்ல முடியல மேடம்" என்றேன்.

"ஒங்க வீட்டுக்காரர் பேரும் இதுல இருக்கு, தெரியும்ல?"

"தெரியும்."

அவர் பேனாவைத் திறந்தார். அப்புறம் நான் சொன்னதை அப்படியே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்.

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 14, வியாழன்

காலையில் இவரை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். கம்பெனியிலிருந்தே, ஷிஃப்ட் நடக்கும்போது. இவர் அங்கே வெல்டிங் சூப்பர்வைசர். கீழே வேலை பார்க்கிற அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள்.

எனக்குச் செய்தி வந்தபோது ஒரு அம்மாவுக்கு முதுகு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தேன். "மூச்ச அடக்குங்க" என்று சொல்லிவிட்டு, "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த அம்மா மூச்சு முட்டி, "விடலாமாம்மா?" என்று கேட்டார்.

இருட்டும் முன் விட்டுவிட்டார்கள். ஜெரால்டு கூட வந்தார். இவர் குளித்தார், சாப்பிட்டார், படுத்தார்.

அக்டோபர் 18, புதன்

பரமானந்தம் ஐயா போன மாதம் சிவில் கோர்ட்டிலும் வழக்குப் போட்டிருந்தார், அதில் இன்று இடைக்கால உத்தரவு வந்தது. வழக்கு முடியும்வரை இப்போதுள்ள நிலையே தொடர வேண்டும். இருப்பவர் இருக்க வேண்டும், இல்லாதவர் வரக்கூடாது. நாங்கள் விற்கக்கூடாது, கட்டக்கூடாது, இடிக்கக்கூடாது, வேறு யாரையும் குடிவைக்கக்கூடாது.

"நமக்கு நல்லதுதான் சார்" என்றார் ஜெரால்டு.

கோர்ட் வராந்தாவில் பரமானந்தம் ஐயா எதிரில் வந்தார். நான் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார். அவருடைய வக்கீல் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. இவர் வெல்டிங் கண்ணாடி, கையுறை, டேப் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தார். நான் பொரி, கடலை, சுண்டல் வைத்தேன். சூடம் அணைந்த பிறகு, தட்டைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு ஸ்டேஷன்ல நீ குடுத்த வாக்குமூலத்தப் படிச்சுக் காட்டினாங்க."

சிந்திய பொரியைப் பொறுக்கினேன்.

"ஒங்க சம்சாரமே உறுதியாச் சொல்லல, அப்ப அந்தச் சாட்சிய நீங்கதானே செட் பண்ணீங்கன்னு கேட்டாங்க. நான் இல்லன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டாங்க. திரும்பத் திரும்ப இல்லன்னேன்."

"எனக்கு அன்னைக்கு..."

"நான் ஒன்னும் சொல்லல தமயந்தி. அவன் ஒன் தம்பி. எடம் வெல கம்மியா வருதேன்னு அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஒம் மூஞ்சில இருந்த சந்தோஷத்தப் பாத்துட்டு நானும் கேக்காம விட்டேன். ரெண்டு பேரும்தான் விட்டோம்."

சுண்டலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி" என்றார்.

அக்டோபர் 30, திங்கள்

லீவு போட்டுவிட்டு, இவரிடமும் சொல்லாமல், தனியாகப் போனேன். பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அது என் தம்பி குணாளன் கையெழுத்து. எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவனே ஒத்துக்கொண்டான். என் கணவருக்கு இதில் எதுவும் தெரியாது.

அந்த இன்ஸ்பெக்டர் அம்மா இல்லை. மாற்றலாகிப் போய் ஒரு வாரம் ஆகிறதாம். புதியவர் சின்ன வயது. நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். ஃபைலை எடுத்து என் பழைய வாக்குமூலத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு உறுதியாச் சொல்ல முடியலன்னு கையெழுத்துப் போட்டுருக்கீங்களேம்மா."

"அன்னைக்குப் பயந்துட்டேன் சார். இதான் உண்மை."

"புருஷன் பேர் மாட்டினதும் தம்பி பேரச் சொல்றீங்கன்னு அவரோட வக்கீல் கேப்பாரு. நான் என்ன சொல்றது?"

"எழுதிக்கங்க சார். நான் கையெழுத்துப் போடுறேன்."

"கையெழுத்த நிபுணருக்கு அனுப்பியாச்சு. ரிப்போர்ட் வரட்டும். நீங்க சொல்லணும்னு நெனைக்கிறத கோர்ட்ல கூப்பிடும்போது சொல்லுங்க."

"எப்பங்க கூப்பிடுவாங்க?"

அவர் என்னைப் பார்த்தார், கோபமாக இல்லை. "அது எனக்கே தெரியாதும்மா" என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்ல இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தேன். சொன்னால் யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. குணாளன் வரவில்லை. அம்மாவும் போன் செய்யவில்லை. நான் ஸ்டேஷன் போனது அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். மழை.

சின்ன அறையில் மேல் மூலை ஊறி, தண்ணீர் இறங்குகிறது.

நவம்பர் 19, ஞாயிறு

இவர்தான் ஆரம்பித்தார். காலையில் காபி குடிக்கும்போது, "அந்த ஐயா வீடு எங்கன்னு தெரியுமா? போய்ப் பாத்துட்டு வருவோமா?" என்றார். பழம் வாங்கிக்கொண்டு போனோம்.

குறுகலான மாடிப்படி. அமிர்தவல்லி அம்மா கட்டிலில் இருந்தார். கீழே இறங்கி இரண்டு மாதம் ஆகிறதாம். போன தடவை ஆஸ்பத்திரி போனபோது நாற்காலியில் உட்கார வைத்து, தெருப் பையன்கள் நான்கு பேர் தூக்கி இறக்கியிருக்கிறார்கள். "சாமி ஊர்வலம் மாதிரி" என்று சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்து, தம்பி, நான் முதலில் சொன்னது, அப்புறம் போய்ச் சொன்னது. ஐயா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தம்பின்னு முன்னாடியே தெரியும்மா. பவர் பத்திர நகல்ல சாட்சியோட விலாசம் இருந்துச்சு, விசாரிச்சப்ப ஒங்க கூடப் பிறந்தவர்னு சொன்னாங்க. நீங்க சொல்லுவீங்களான்னுதான் பாத்துட்டிருந்தேன்." பழப்பையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, "சொல்லிட்டீங்க. சரி" என்றார்.

அப்போதுதான் இவர் சொன்னார். "ஐயா, கேஸ் நடக்கட்டும். அது எப்ப முடியுதோ முடியட்டும். நீங்க ரெண்டு பேரும் அங்க வந்துருங்க. தரைத்தளம், படி கெடையாது. நாங்க சின்ன ரூம்ல இருந்துக்குறோம். நீங்க முன்னாடி இருங்க. ஒங்க எடம்தானே."

நான் இவரை நிமிர்ந்து பார்த்தேன். வீட்டில் இதை என்னிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அமிர்தவல்லி அம்மா அழுதுவிட்டார். ஐயா எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றார். "வக்கீலக் கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி" என்றார், திரும்பாமலே.

இரவு இவர் ஹாலில் படுக்கவில்லை.

நவம்பர் 22, புதன்

ஜெரால்டு முடியாது என்கிறார்.

"சார், உத்தரவே அதான. இருக்கிற நிலைய மாத்தக்கூடாது. அவங்கள உள்ள விட்டா, எடம் ஒங்க கையில இருக்குங்கிற சுவாதீனத்த நீங்களே விட்டுக் குடுத்ததா ஆயிரும். பேங்க் ஒங்க மேல வரும். வீட்டுக்கு எந்த ஈடும் கேக்க முடியாமப் போயிரும்."

"நாங்களா சம்மதிச்சாக்கூடவா?"

"நீங்க சம்மதிச்சா மட்டும் போதாது மேடம். பேங்க் சம்மதிக்கணும், கோர்ட்டு சம்மதிக்கணும். மனுப் போடலாம். போட்டா அதுக்கு ஒரு வாய்தா."

மனுப் போடச் சொன்னோம்.

மாலையில் ஐயா போன் செய்தார். அவருடைய வக்கீலும் கூடாது என்று சொல்லிவிட்டார். எங்கள் அனுமதியின் பேரில் குடியிருந்தவர் என்று ஆகிவிட்டால், சொந்தக்காரர் என்ற வாதம் பலவீனமாகிவிடுமாம்.

"ஒங்க மனசு போதும்மா" என்றார்.

எனக்குப் போதவில்லை.

டிசம்பர் 8, வெள்ளி

மனுவுக்கு பேங்க் ஆட்சேபம். தள்ளிவைப்பு.

டிசம்பர் 17, ஞாயிறு

சின்ன அறைச் சுவரில் பச்சை பெயின்ட் உப்பி உதிர்கிறது. மேலே தளத்தில் ஒரு பூச்சு பூசினால் நின்றுவிடும். அதற்குக்கூடக் கோர்ட்டில் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது என்கிறார் ஜெரால்டு. பழைய சேலையைச் சுருட்டி மூலையில் வைத்தேன். காலையில் பிழிந்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன்.

டிசம்பர் 29, வெள்ளி

ஐயா போன். தேனியில் அமிர்தவல்லி அம்மாவின் தங்கை வீடு இருக்கிறது. அங்கே போகிறார்களாம். பின்பக்கம் மாட்டுக்கொட்டகையை ஒட்டி ஒரு அறை, ஆனால் தரையோடு இருக்கிறது. வாய்தாவுக்கு அவர் மட்டும் பஸ்ஸில் வந்து போவாராம்.

"என்னைக்குக் கெளம்புறீங்க?"

"ஏழாம் தேதி. போறப்ப ஒங்க தெரு முனையத் தாண்டித்தான் போகணும்."

ஜனவரி 7, ஞாயிறு

காலையிலேயே குளித்துவிட்டு, இட்லியும் தக்காளிச் சட்னியும் கட்டி வைத்துக் காத்திருந்தேன். ஒன்பது மணிக்கு மேல் ஆட்டோ வந்தது. கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. பின்னால் சுருட்டிய பாய், ஒரு குக்கர், இரண்டு பெட்டி.

நாங்கள் ஓடினோம். ஐயா இறங்கித் தெருவில் நின்றார். அதே வெள்ளைச் சட்டை, அதே ஷூ.

"உள்ள வாங்க ஐயா, ஒரு வாய் காபி" என்றார் இவர்.

"இல்ல தம்பி. எடத்துக்குள்ள காலு வைக்கக்கூடாதுன்னு வக்கீல் கண்டிச்சுச் சொல்லிருக்காரு. எவனாச்சும் போட்டோ எடுத்துட்டா கஷ்டம்."

தெருவில் யாருமே இல்லை. ஆனாலும் நாங்கள் வற்புறுத்தவில்லை.

அமிர்தவல்லி அம்மா ஆட்டோவுக்குள்ளிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டைப் பார்த்தார். "மழைக்கு எங்கயாச்சும் ஒழுகுச்சா?"

"இல்லம்மா. எங்கயும் இல்ல."

"நல்லாக் கட்டிருக்கீங்க" என்றார். இட்லிப் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தேனிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். பஸ் கூட்டமாக இருக்குமா என்று கேட்டேன்.

ஐயா ஏறிக்கொண்டார். எங்கள் தெரு முட்டுச் சந்து, அதுவும் குறுகல். பக்கத்து மனைக்காரர் ஜல்லி கொட்டி வைத்திருந்ததால் ஆட்டோ திரும்ப இடம் இல்லை. நான் போய்க் கேட்டை முழுவதும் திறந்துவிட்டேன். டிரைவர் முன் சக்கரத்தை எங்கள் வாசலுக்குள் ஏற்றினார்.

"பாத்துப்பா, பாத்து" என்று பரமானந்தம் ஐயா உள்ளேயிருந்து பதறினார். "ரொம்ப உள்ள போயிராத."